எய்ட்ஸ் தடுப்பு: நிதி எங்கே போக வேண்டும்?

ஆண்களுக்கு முன்தோல் நீக்க அறுவை சிகிச்சை செய்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு குறையும் என்பது மதப் பிரசாரம் அல்ல, மருத்துவ உண்மை. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் நடைபெற்ற மூன்று ஆய்வுகள், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைவதை நிறுவின. அதன்பேரில் 2007 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பும் இதைப் பரிந்துரைத்தன. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் 2 கோடிக்கும் அதிகமான ஆண்களுக்கு இச்சிகிச்சை செய்யப்பட்டது. செலவில் பெரும்பங்கை ஏற்றது அமெரிக்கா.

இந்தியாவின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இடம்பெறவில்லை. இத்தனைக்கும், முன்தோல் நீக்கியோருக்குத் தொற்று குறைவு எனக் காட்டிய ஆய்வொன்று புணேயில் நடத்தப்பட்டு 2004-லேயே வெளியானது. பிறகு ஏன் தயக்கம் என்று கேட்டால், உடனே மதத்தைக் காரணம் காட்டுவார்கள். கலவரங்களில் ஆடையை அவிழ்த்துப் பார்த்து ஆளை அடையாளம் கண்ட நாட்டில் அந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாதுதான். ஆனால், ஒரு மருத்துவத் திட்டத்தை ஒதுக்க அது போதுமான காரணமாகாது.

உண்மையான காரணம் கணக்கில் இருக்கிறது. தொற்று மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளில் 5 முதல் 15 பேருக்குச் சிகிச்சை செய்தால் ஒரு தொற்றைத் தவிர்க்கலாம் என வல்லுநர்கள் மதிப்பிட்டனர். இந்தியாவில் வயதுவந்தோரில் ஆயிரத்துக்கு இருவருக்கே தொற்று உள்ளது. எனவே இங்கு ஒரு தொற்றைத் தவிர்க்க அதைப்போலப் பல மடங்கு பேருக்குக் கத்தி வைக்க வேண்டும். மிசோரத்தில் போதை ஊசி வழியே பரவும் தொற்றை இந்தச் சிகிச்சை தடுக்காது. கணவரிடமிருந்து தொற்றும் மனைவிக்கும் இது நேரடிப் பாதுகாப்பு அல்ல.

அந்த மனைவியைக் காப்பது மருந்து. சென்னை, புணே உள்பட 9 நாடுகளில் நடைபெற்ற ஆய்வின் முடிவு 2011-இல் வெளியானது. தொற்றுள்ளவருக்குக் கூட்டு மருந்தை முன்கூட்டியே தொடங்கினால், துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்றது அது. ஆக, சிகிச்சையே தடுப்பு. ஆனால், மருந்து ஒருநாளும் தடைபடக் கூடாது.

அங்கேதான் தில்லி தவறுகிறது. 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து, தொற்றுள்ளோர் தலைநகரில் உள்ள தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலக வாயிலில் அமர்ந்தனர். போராட்டம் 40 நாள்களைத் தாண்டியது.

தில்லியில் இருப்பவர் வாயிலிலாவது அமரலாம். அந்தமானில், ஜாலி பாய் தீவுக்குப் பயணிகளை ஏற்றிச்செல்லும் படகுகள் புறப்படும் வண்டூரில் ஒருவருக்கு இந்நிலை வந்தால் என்ன செய்வார்? தமிழும் வங்காளமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் தீவுகள் அவை. சென்னையிலிருந்து கப்பல் சென்றடைய ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். மருந்தும் கடல் கடந்தே வர வேண்டும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில், மருந்து கேட்டுக் குரல் எழுப்புவதே தன்னைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும். இத்தகைய ஊருக்குத் தேவை அறுவை சிகிச்சை முகாம் அல்ல. ரகசியம் காக்கும் பரிசோதனையும், தீராத மருந்து இருப்பும்தான்.

அயல்நாட்டுப் பணத்தை நம்பியிருந்தால் என்னவாகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, ஆப்பிரிக்காவில் முன்தோல் நீக்க மையங்கள் பல முடங்கின. நம்மிடம் அந்தச் சாக்கு கிடையாது. 2021-26 காலத்துக்கென மத்திய அரசு ஒதுக்கியது ரூ. 15,471.94 கோடி.

ஆனால் பணத்தைவிடப் பெரிய ஓட்டை சட்டத்தில் இருக்கிறது. பரிசோதனையையும் மருந்தையும் "இயன்றவரை" வழங்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம். அந்தச் சொல்லை நீக்கவும், தீவுகளுக்கு எத்தனை மாத மருந்து இருப்பு கட்டாயம் என்பதை எழுத்தில் வரையறுக்கவும் மத்திய அரசை வற்புறுத்த வேண்டும். மக்களவையில் அந்தமானுக்கு ஓர் உறுப்பினர்தான். தமிழகத்தின் 39 பேரும் அவருடன் சேர்ந்து கேட்கலாம்.