அதட்டல் போதாது

கற்பிட்டிக் குடாநாட்டின் தலவில புனித அன்னாள் ஆலயத்தின் ஓகஸ்ட் திருவிழா, தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் காலத்தில்தான் வருகிறது. ஆலயத்தைத் தாண்டினால் மணல், அதற்கப்பால் அலை. யாத்திரை வரும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒரே பாடம், "கடலுக்குள் இறங்காதே!" என்ற அதட்டல். அதைக் கேட்டு நின்ற பிள்ளை எங்கே இருக்கிறது?

2004 டிசெம்பர் 26. தாய்லாந்தின் மைக்காவ் கடற்கரையில் கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்ட பத்து வயது பிரித்தானியச் சிறுமி டில்லி ஸ்மித், சுனாமி வருகிறது என்று பெற்றோரை உலுக்கினாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது! கரை காலியானது, அங்கே உயிர்ச்சேதமில்லை. அதே நாளில் இலங்கை இழந்ததோ 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள்.

டில்லியைக் காத்தது அதட்டல் அல்ல, பாடம்; நம் பிள்ளைகளுக்கும் அதுவே வேண்டும். நீரோட்டம் இழுத்தால் எதிர்த்துப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்துவது, மூழ்குபவரை நோக்கிக் குதிக்காமல் கயிறோ வெறும் பிளாஸ்டிக் கேனோ வீசுவது: இவற்றைக் கற்பிட்டிப் பாடசாலைகள் இரண்டாம் தவணையிலேயே பிள்ளைகளைச் செய்துபார்க்க வைக்கட்டும். கல்வி அதிகாரிகள் அடுத்த திருவிழாவுக்கு முன் இதைத் தொடங்க வேண்டும்.