நமக்கும் வேண்டும் 'ஃபிகா'!

சுவீடன் நாட்டில் 'ஃபிகா' என்று ஒரு வார்த்தை உண்டு. காபியை 'கஃபி' என்று சொல்லி வந்தவர்கள், 19-ம் நூற்றாண்டில் விளையாட்டாக முன்பின்னாகத் திருப்பிப் போட்டது. ஆனால் அர்த்தம் காபி மட்டுமல்ல. வேலையை ஓரமாக வைத்துவிட்டு, நாலு பேரோடு உட்கார்ந்து, பன்னோ பிஸ்கட்டோ சாப்பிட்டபடி பேசுவதுதான் ஃபிகா. அங்கே ஆபீஸ்களிலும் காலையும் மாலையும் இதற்கு நேரம் உண்டு.

எங்கள் திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பாக்டரிகள் அதிகம். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, அரை மணி ஓய்வு தரவேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொல்லிவிட்டது. ஷிப்டுக்குப் போகிறவருக்கு விடியற்காலையில் டிபன் கட்டித் தரும் நமக்கு எந்தச் சட்டம் இருக்கிறது? எல்லாருக்கும் ஆற்றிக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன டீயை அடுப்படியில் நின்றபடியே குடிக்கிறோம்.

சாயந்திரம் கால் மணி நேரம் பக்கத்து வீட்டு அக்காவோடு வாசப்படியில் உட்கார்ந்தால், 'வெட்டிப் பேச்சு' என்கிறார்கள். அது வெட்டிப் பேச்சு இல்லீங்க, ஓய்வு! 'இன்னைக்கு டீயை நீங்க போடுங்க' என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள் தோழிகளே. குடி ஒன்றும் முழுகிப் போகாது.

- ஓர் இல்லத்தரசி, திருவொற்றியூர்.