சுடாமல் விளையாட முடியாதா?

வீடியோ கேம் என்றால் யாரையாவது சுட்டுத்தான் ஆகவேண்டும் என்று விளையாடுபவர்களும் நம்புகிறார்கள், விளையாடாத பெற்றோரும் நம்புகிறார்கள். தயாரிப்பவர்களுக்கு இது வசதி. மக்கள் கேட்பதைத்தானே கொடுக்கிறோம் என்கிறார்கள். கடையில் வைக்காத சரக்கை யார் கேட்பார்கள்?

விளையாட்டு வடிவமைப்பாளர் வில் ரைட் 1984இல் உருவாக்கிய 'ரெய்ட் ஆன் பங்கலிங் பே', ஹெலிகாப்டரில் பறந்து தீவுகள்மேல் குண்டு போடும் விளையாட்டு. அந்தத் தீவுகளை அமைக்கத் தனியாக ஒரு மென்பொருள் செய்துகொண்டார். குண்டு போடுவதைவிட, சாலை இழுப்பதும் கட்டடம் எழுப்புவதுமே அவருக்குப் பிடித்துப்போயின. அதிலிருந்து பிறந்தது நகரம் கட்டும் விளையாட்டான 'சிம்சிட்டி'. இதில் ஜெயிப்பது எங்கே, தோற்பது எங்கே என்று கேட்டு வெளியீட்டாளர்கள் தயங்கினார்கள். ஒருவழியாக 1989இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. இவ்வளவுக்குப் பிறகும், வீடு, சமையல், வேலை, காதல் என்று அன்றாட வாழ்க்கையையே விளையாட்டாக்கிய அவருடைய 'தி சிம்ஸ்' சொந்த நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பைச் சந்தித்தது. 2000இல் வந்த அது, இரண்டே ஆண்டுகளில் அதுவரை அதிகம் விற்ற கணினி விளையாட்டானது. அது பின்னுக்குத் தள்ளிய 'மிஸ்ட்'டும் துப்பாக்கி இல்லாத புதிர் விளையாட்டுதான். மக்கள் கேட்டது எதை?

பிறகு ஏன் சுடுவதே பெருகியது? தோட்டா பட்டதா இல்லையா என்று கணக்கிடுவது கணினிக்கு எளிது. கோபித்துக்கொண்ட நண்பனைச் சமாதானப்படுத்துவதை விளையாட்டாக்குவது கடினம். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'ஸ்பேஸ்வார்' விளையாட்டை எழுதியவர்கள் இரண்டு விண்கலங்களை மோதவிட்டதில் குறை சொல்ல எதுவுமில்லை. இருந்த கணினி அவ்வளவுதான். இன்று தலைமுடி ஒவ்வொன்றையும் தனித்தனியே அசைக்கிறார்கள். ஆயுதத்தில் எத்தனை ரகம்! எதிரே வருகிறவனிடம் பேசிப் பார்க்க மட்டும் பெரும்பாலும் வழியில்லை. அன்றைய இயலாமை இன்று சோம்பலாகிவிட்டது.

விளையாடும் பிள்ளை கொலைகாரனாவான் என்று நான் சொல்லவில்லை. ஆவானா மாட்டானா என்ற சண்டையிலேயே காலம் கழித்து, சுடாமல் விளையாட முடியாதா என்ற கேள்வியைக் கோட்டை விட்டோம்.

எரிக் பரோன் தனியாளாக உருவாக்கி 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி'யில் பயிர் செய்யலாம், மீன் பிடிக்கலாம், ஊராரோடு பழகலாம். சுரங்கத்துக்குப் போனால் வாள்வீச்சும் உண்டு, ஆனால் அது பல வேலைகளில் ஒன்று. நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. தனியொருவர் துணிந்ததை, நூற்றுக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள் பலவும் முயன்றுகூடப் பார்க்காமல், பழியை விளையாடுபவர்கள்மேல் போடுவது அநியாயம்.