மதிப்பெண் பட்டியலுக்கு அப்பால்

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நான்கு பேர் கூடினால் பேச்சு இரண்டு விஷயங்களையே சுற்றி வரும்: எத்தனை சதவீதம், எந்தக் கம்பெனி. சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. வேலை நிமித்தம் இங்கு வந்து தங்கிவிட்ட நம்மில் பலருக்கு இங்கே நிலபுலன் கிடையாது. பிள்ளைகளின் படிப்பே சொத்து. ஆகவே அந்தக் கவலை நியாயமானதே.

ஆனால் பட்டம் வாங்கிய பிள்ளைக்கு அறிமுகமில்லாத நான்கு பேரிடம் பேசத் தெரிகிறதா? ஒரு வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்து முடிக்கத் தெரிகிறதா? இவை எந்த மதிப்பெண் பட்டியலிலும் வருவதில்லை.

நான் ரயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். தன் எல்லைக்குள் தினமும் பாதையோடு நடந்து பார்க்கும் கீமேனுக்குத்தான் எந்த இடத்தில் ஜல்லி இறங்குகிறது, எங்கே பிடிப்பு தளர்கிறது என்பது முதலில் தெரியும். சூத்திரங்களைக் கரைத்துக் குடித்துவிட்டு வரும் இளம் பொறியாளர்களில், அவர் அருகில் நின்று பொறுமையாகக் கேட்டவர்களே தொழிலைச் சீக்கிரம் கற்றார்கள். அப்படிக் கேட்கும் பழக்கம் வேலையில் சேர்ந்த பிறகு திடீரென்று வந்துவிடாது. மாணவப் பருவத்திலேயே வர வேண்டும்.

அதற்கான ஏற்பாடு நம் கல்லூரிகளிலேயே இருக்கிறது. அதற்கும் இந்த மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1888-இல் திருத்தணியில் பிறந்து, சிறுவயதில் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்த டாக்டர் ராதாகிருஷ்ணன், 1948-49-இல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தார். மாணவர்கள் தாமாக முன்வந்து தேசத் தொண்டு செய்ய வேண்டும் என்ற யோசனை அப்போதே எழுந்தது. காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. என்.எஸ்.எஸ். என்றால் எல்லோருக்கும் தெரியும்.

"அதெல்லாம் சேர்ந்தால் படிப்பு கெட்டுவிடும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஆண்டுகளுக்கு 240 மணி நேரம். வாரத்துக்கு இரண்டரை மணிகூட ஆகாது. அதோடு ஏழு நாள் முகாம் ஒன்று. கிரிக்கெட் பார்க்கும் நேரத்தை விட இது குறைவுதான்.

முகாமில் காலையில் ஐம்பது பேருக்குச் சமையல் நடக்க வேண்டும். ரத்ததான முகாம் என்று அறிவித்தால் முதலில் யாரும் வரமாட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்த நம் பிள்ளைகள், கிராமத்துப் பாட்டியிடம் தெலுங்கில் பேசிப் புரியவைக்க வேண்டும். வாழும் ஊரின் மொழி அப்படித்தான் நாவில் படியும்.

பையனை அனுப்பும் வீடுகளில்கூடப் பெண்ணை முகாமுக்கு அனுப்பத் தயக்கம் இருக்கிறது. எங்கே தங்குகிறார்கள், உடன் வரும் ஆசிரியை யார் என்று விசாரியுங்கள். அது பெற்றோரின் கடமை. திருப்தியானால் அனுப்புங்கள். இரண்டு வருடம் கழித்து அதே பெண் வேலைக்காகப் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ தனியாக இருக்கப் போகிறவள்தானே?

சில இடங்களில் இத்திட்டம் பெயருக்கு நடக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டதோடு சரி; தண்ணீர் ஊற்ற ஆளில்லை. சான்றிதழுக்காகவே சேர்பவர்களும் உண்டு. அதனால்தான் பிள்ளை திரும்பி வந்ததும் சான்றிதழைக் கேட்காமல், "அங்கே நீ என்ன செய்தாய்? யாரிடம் பேசினாய்?" என்று கேட்க வேண்டும்.

தமிழ்ச் சங்க ஆண்டு விழாக்களில் அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறோம். அது தொடரட்டும். அதே மேடையில் முகாமுக்குப் போய் வந்த ஒரு மாணவனையும் ஒரு மாணவியையும் அழைத்து, அங்கே கண்டதை ஐந்து நிமிடம் தமிழில் பேசச் சொல்லலாம். இதற்குச் செலவு எதுவும் கிடையாது. அடுத்த விழாவிலேயே ஆரம்பிக்கலாமே!