பூட்டியது யார்?

"வீட்டை விற்பதாக எண்ணம் உண்டா, ஐயா?"

"இல்லை."

"பிள்ளைகள் தனித்தனியே குடிபோய்விட்டனர். நான்கு அறைகளில் மூன்று பூட்டிக் கிடக்கின்றன. இருவருக்கு இத்தனை பெரிய வீடு எதற்கு?"

"வீடு பெரிதுதான். ஆனால், வட்டி சிறிதாயிற்றே!"

இந்த உரையாடல் என் கற்பனை, தோழரே! நாடகம் எழுதிப் பழகிய கை, ஏட்டுக்கு எழுத உட்கார்ந்தாலும் இரண்டு பாத்திரங்களைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. ஆனால், அந்தக் கடைசி விடையிலே பொதிந்துள்ள செய்தி கற்பனை அன்று. செல்வத்திலே திளைக்கும் திருநாடு என்று செப்பப்படும் அமெரிக்காவிலே, 2023ஆம் ஆண்டும் 2024ஆம் ஆண்டும் கணக்கற்ற குடும்பங்கள் தம் நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்ட விடை அது. விளைவு? விற்க முன்வருவோர் குறைந்தனர். வாங்க வல்லவர் குறைந்தனர். விலை மட்டும் விண்ணை நோக்கி விரைந்தது!

"அமெரிக்காக்காரன் வீட்டை விற்றால் நமக்கென்ன, விற்காவிட்டால் நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். "அமெரிக்காவைப் பாருங்கள்! அங்கே அரசு குறுக்கிடுவதில்லை, சந்தை தன் வழியே நடக்கிறது, உழைப்பவன் வீடு வாங்குகிறான்" என்று நமக்குப் பாடம் நடத்தும் பெரியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பொருட்டே இதை எழுதுகிறேன். பார், பார் என்கிறார்கள். பார்த்துவிடுவோமே!

அந்நாட்டு வீட்டுத் தரகர்களுக்கு ஒரு தேசியச் சங்கம் உண்டு. திங்கள்தோறும் அது ஒரு கணக்கை வெளியிடும். புதிதாய்க் கட்டி விற்ற வீடு அந்தக் கணக்கிலே சேராது. முன்பே ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு மற்றொரு குடும்பத்துக்குக் கைமாறினால்தான் சேரும். அங்கே விலைபோகும் வீடுகளிலே பெரும்பகுதி இத்தகையவையே. வேலை கிடைத்த ஊருக்குப் போக முடிகிறதா, குழந்தை பிறந்ததும் பெரிய வீடு தேட முடிகிறதா, முதுமையிலே சிறிய வீட்டுக்கு ஒதுங்க முடிகிறதா என்பதை அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல.

கணக்கு என்றால் காத தூரம் ஓடுகிறவன் நான். கல்லூரியிலிருந்து நான் பாதியிலே வெளியேறியதற்குக் கட்சி மேடைதான் காரணம் என்று நண்பர்கள் பெருமையோடு சொல்வார்கள். கணக்குப் பாடத்துக்கும் அதிலே பங்கு உண்டு என்பதை இன்று உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். இருந்தும், இந்தக் கணக்கை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

2005ஆம் ஆண்டு, 70 இலட்சத்து 80 ஆயிரம் வீடுகள் கைமாறின. 2008ஆம் ஆண்டு, அது 41 இலட்சம் அளவுக்குச் சரிந்தது. 2021ஆம் ஆண்டு, மறுபடி எழுந்து 61 இலட்சத்து 20 ஆயிரம் ஆயிற்று. 2023இல் மீண்டும் வீழ்ச்சி: 40 இலட்சத்து 90 ஆயிரம். 2024இல் அதற்கும் கீழே: 40 இலட்சத்து 60 ஆயிரம். 1995ஆம் ஆண்டுக்குப் பிறகு இவ்வளவு தாழ்ந்த ஆண்டு இல்லை. 1995இல் அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 26½ கோடி. 2024இல் ஏறத்தாழ 34 கோடி. ஏழு கோடிப் பேருக்கு மேல் கூடியிருக்கிறார்கள். கைமாறும் வீடுகளோ முப்பதாண்டு பின்னோக்கிப் போய்விட்டன!

(கணக்கு வைத்திருப்பவர் யார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 2011 டிசம்பரிலே அதே தரகர் சங்கம், "2007 முதல் 2010 வரை நாங்கள் சொன்ன விற்பனை சற்றே அதிகமாகிவிட்டது" என்று கூறி, ஏறத்தாழ 14 விழுக்காட்டைக் குறைத்து எழுதிற்று. நோயாளி நன்றாக இருக்கிறான் என்று நான்காண்டு சொல்லிவிட்டு, காய்ச்சல் கொஞ்சம் கூடுதல்தான் என்று பிறகு சொன்ன வைத்தியர் அவர்! மேலே நான் தந்தது திருத்திய கணக்கு.)

2008இலும் 41 இலட்சம், 2023இலும் 41 இலட்சம் என்றால், இரண்டும் ஒரே நோய்தானோ? அங்கேதான் அறிஞர் பலரும் வழுக்கி விழுகின்றனர்.

2008இலே நடந்தது என்ன? திருப்பித் தரும் வலிமை உண்டா என்று பாராமல் கடன் கொடுத்தார்கள்; அந்தக் கடன் சீட்டுகளைக் கட்டாகக் கட்டி உலகெங்கும் விற்றார்கள்; இலேமன் சகோதரர் நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திவாலாயிற்று. வீட்டு விலை, 2006இலிருந்து 2012க்குள் நாடு முழுவதும் கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. 2010ஆம் ஆண்டு ஒன்றிலே மட்டும் 28 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளின்மேல் ஜப்தி நடவடிக்கை அறிவிப்பு பாய்ந்தது. விற்பனைக்கு வீடு மலைபோல் குவிந்து கிடந்தது. வாங்க ஆள் இல்லை. மக்களை வெளியே தள்ளிக் கதவடைத்த காலம் அது.

2023இலே அப்படி இல்லை. ஜப்தி குறைவு. தவணை ஒழுங்காகக் கட்டப்படுகிறது. ஆனால், விற்பனைக்கு வீடு இல்லை! 2007இலே ஏறத்தாழ 40 இலட்சம் வீடுகள் விலை கூறிக் காத்திருந்தன. 2022 தொடக்கத்திலே அந்த எண் 9 இலட்சத்துக்கும் கீழே போய்விட்டது. மக்களை உள்ளே வைத்துக் கதவடைத்த காலம் இது.

அந்தப் பூட்டு எப்படி விழுந்தது என்பதைக் கேளுங்கள். அங்கே வீட்டுக் கடனுக்கு முப்பதாண்டுத் தவணை. வாங்கிய நாளிலே என்ன வட்டியோ, முப்பதாண்டும் அதே வட்டி. 2021 ஜனவரியிலே, கொள்ளை நோய்க்கு நடுவே, அந்த வட்டி 2.65 விழுக்காடாகத் தாழ்ந்தது. அள்ளிக்கொண்டார்கள், வாய்ப்பு உள்ளவர்கள். பின்னர் விலைவாசி ஏறிற்று. 2022 ஜூன் திங்களில் ஏற்றம் 9.1 விழுக்காடு. அதை அடக்க, மைய வங்கியாகிய பெடரல் ரிசர்வ், பூச்சியத்தை ஒட்டிக் கிடந்த தன் வட்டியை 2022 மார்ச்சில் உயர்த்தத் தொடங்கி, 2023 ஜூலைக்குள் 5.25 - 5.50 வரை ஏற்றிவிட்டது. வீட்டுக் கடன் வட்டியும் 2023 அக்டோபர் இறுதியிலே 7.79 விழுக்காட்டைத் தொட்டது.

தொடக்கத்திலே பார்த்தோமே, அந்தப் பெரியவர், அவர் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அவருக்கு மூன்று இலட்சம் டாலர் கடன், 3 விழுக்காடு வட்டி என்று வையுங்கள். திங்கள் தவணை 1,265 டாலர். அந்த வீட்டை விற்றுவிட்டு, அடுத்த தெருவிலே அதே விலை வீட்டை, அதே அளவு கடனில், 7 விழுக்காட்டுக்கு வாங்கினால் தவணை 1,996 டாலர். கூரையும் அதேதான், சுவரும் அதேதான். கூடுதலாகத் திங்கள்தோறும் 731 டாலர்! விற்பாரா? 2023இலே கடன் பாக்கியுள்ள வீடுகளிலே பாதிக்கு மேற்பட்டவை 4 விழுக்காட்டுக்குக் கீழான வட்டியில் இருந்தன. பேராசைக்காரர் என்று அவர்களை நான் ஏசமாட்டேன். அவர் நிலையில் நான் இருந்தாலும் விற்றிருக்கமாட்டேன்.

"அப்படியானால், பூட்டியது யாருமில்லை, சந்தையின் இயல்பு அது" என்று முடித்துவிட நம் பெரியவர்கள் துடிப்பார்கள். பொறுங்கள்! குறைந்த வட்டிக் கடனை வீட்டோடு சேர்த்து, வாங்குகிறவர் தோளுக்கு மாற்றிவிட்டால் என்ன? பெரியவர் விடுபடுவார், வாங்க வரும் இளைஞனுக்கும் 3 விழுக்காட்டுக் கடன் கிடைக்கும். என் மூளையிலே உதித்த புதுமை அல்ல இது. அந்நாட்டிலேயே நடந்தது!

1970களின் இறுதியிலே வட்டி ஏறத் தொடங்கிற்று. 1981 அக்டோபரிலே 18.63 விழுக்காடு வரை போயிற்று. 1978இலே ஏறத்தாழ 40 இலட்சமாக இருந்த விற்பனை, 1982இலே ஏறத்தாழ பாதியாகிவிட்டது. அந்த நாளிலே பலர், விற்பவரின் பழைய கடனைத் தாமே ஏற்றுக்கொண்டு வீடு வாங்கினர். வங்கிகள் பதறின. "விற்றால் கடன் முழுவதையும் உடனே கட்டிவிட வேண்டும் என்று பத்திரத்திலே எழுதியிருக்கிறோமே!" என்றன. கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் 1978இலே அதை ஏற்கவில்லை; கடனுக்கு ஆபத்து என்று காட்டினாலன்றி அந்த வாசகத்தைக் கொண்டு கழுத்தைப் பிடிக்கக்கூடாது என்றது. வேறு சில மாநிலங்களும் மக்கள் பக்கமே நின்றன.

வங்கிகள் பேச்சிலே நியாயமே இல்லை என்று சொல்ல நான் துணியமாட்டேன். பணம் போட்டவருக்கு அதிக வட்டி கொடுத்து, பழைய கடனுக்குக் குறைந்த வட்டி வாங்கினால் அவை எத்தனை நாள் தாங்கும்? ஆனால், நட்டத்தை யார் தலையிலே இறக்குவது என்பது சந்தை முடிவு செய்த செய்தி அன்று; சட்டமன்றம் முடிவு செய்தது. 1982ஆம் ஆண்டு, கார்ன் - செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் வந்தது. மாநிலங்களின் தடைகளைத் தள்ளிவிட்டு, வீட்டை விற்றால் கடன் முழுவதையும் கேட்கும் உரிமையை நாடு முழுவதும் நிலைநாட்டிற்று. அக்டோபர் 15ஆம் நாள் அதிலே கையொப்பமிட்ட குடியரசுத் தலைவர் ரீகன், நமக்கு ஜாக்பாட் அடித்துவிட்டது என்று பூரித்தார். அதே சட்டம் சேமிப்பு நிறுவனங்களுக்குத் தாராளமாய்க் கட்டவிழ்த்தும் விட்டது. 1986 முதல் 1995 வரை அவற்றிலே ஆயிரத்துக்கு மேற்பட்டவை மூழ்கின. வரி கொடுத்த மக்கள் ஏறத்தாழ 12,400 கோடி டாலரைச் சுமந்தனர். ஜாக்பாட் யாருக்கு அடித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

இன்றைக்கும் அந்நாட்டில் அரசின் காப்புறுதி பெற்ற கடன்களையும், போர்ப்படையில் பணியாற்றியவர்களுக்கான கடன்களையும் தகுதியுள்ள மற்றொருவர் ஏற்றுக்கொள்ள வழியுண்டு. மற்றப் பெரும்பாலான கடன்களுக்கு இல்லை. பெரியவர் வீட்டுக் கதவிலே தொங்குவது அந்த 1982ஆம் ஆண்டுப் பூட்டு. முப்பதாண்டு மாறா வட்டி என்பதும் சந்தையிலே தானாக முளைத்த செடி அன்று. 1930களிலே ரூஸ்வெல்ட் ஆட்சி வீட்டுக் கடனுக்குக் காப்புறுதி தந்து நட்டு வளர்த்த மரம். அரசு குறுக்கிடாத நாடாம்!

உள்ளே பூட்டப்பட்டவருக்காவது கூரை இருக்கிறது. வெளியே நிற்பவன்? விற்பனை குறைந்தால் விலை குறையும் என்றுதானே பாடப் புத்தகம் சொல்கிறது? 2024இலே விற்ற வீடுகளை விலை வரிசையிலே நிறுத்தினால், நடுவிலே நின்ற வீட்டின் விலை 4,07,500 டாலர். அதுவரை எந்த ஆண்டும் காணாத விலை! 2008க்குப் பிறகு பல ஆண்டுகள் புது வீடுகள் போதிய அளவு கட்டப்படவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தரகர் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு ஆய்வின்படி, வாங்கியவர்களிலே 26 விழுக்காட்டினர் கடனே இன்றி முழுப் பணத்தையும் எடுத்து வைத்தவர்கள். முதல்முறையாக வீடு வாங்குவோர் 24 விழுக்காடு. 2008க்கு முன்பு இவர்கள் பத்துக்கு நான்கு பேராக இருந்தனர். அவர்களின் நடு வயது 38. 1980களிலே முப்பது வயதைத் தொடுமுன்பே முதல் வீட்டை வாங்கிய நாடு அது!

முழுப் பணமும் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் முந்திய வீட்டிலிருந்து. முந்திய வீடு இல்லாதவனுக்குத் தந்தையின் வீட்டிலிருந்து. தந்தைக்கும் வீடு இல்லை என்றால்?

அங்கேதான் தோல் நிறம் வந்து நிற்கிறது. 1930களிலே அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் நகரங்களுக்கு நிறம் தீட்டி வரைபடம் போட்டது. பச்சை என்றால் நல்ல பகுதி. சிவப்பு என்றால் ஆபத்தான பகுதி. கறுப்பர் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் சிவப்பாயின. ஊர் வேறு, சேரி வேறு என்று கோடு கிழித்த கொடுமையை அறிந்த நமக்கு விளக்கம் தேவையில்லை. 1947இலே நியூயார்க்கை அடுத்து எழுந்த லெவிட்டவுன் குடியிருப்பிலே, அரசு காப்புறுதி தந்த கடனிலே ஆயிரமாயிரம் வீடுகள் விற்கப்பட்டன. வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே அச்சிட்டிருந்தார்கள்! மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டு, நகரங்கள் பற்றி எரிந்த பிறகே, ஏப்ரல் 11ஆம் நாள், வீட்டு விற்பனையிலே நிறவேற்றுமை கூடாது என்ற சட்டம் கையொப்பமாயிற்று. இன்று அந்நாட்டு வெள்ளையர் குடும்பங்களிலே நான்கில் மூன்றுக்குச் சொந்த வீடு. கறுப்பர் குடும்பங்களிலே பாதிக்கும் குறைவாகவே. தந்தைக்கு மறுக்கப்பட்ட 1947ஆம் ஆண்டு வீடுதான், பேரனுக்கு இன்று இல்லாத முன்பணம்.

2024 செப்டம்பர் 18ஆம் நாள் பெடரல் ரிசர்வ் தன் வட்டியை அரை விழுக்காடு குறைத்தது. "பூட்டு திறந்தது!" என்றன ஏடுகள் சில. செப்டம்பர் இறுதியிலே 6.08 விழுக்காடாக இருந்த வீட்டுக் கடன் வட்டி, 2025 ஜனவரி நடுவிலே 7.04 ஆயிற்று! குறையவில்லை, ஏறிற்று. முப்பதாண்டுக் கடனின் வட்டி, மைய வங்கியின் சொல்லைக் காட்டிலும் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டியைப் பார்த்தே நடக்கும் என்பதைப் பெரியவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, அவர் வீட்டை விற்கவில்லை. 2025 இறுதியிலே தரகர் சங்கம் தன் அடுத்த ஆய்வை வெளியிட்டது. முதல்முறையாக வீடு வாங்குவோர் 21 விழுக்காடு. அவர்களின் நடு வயது 40.