காசைக் கையில தந்துட்டுப் போங்கோ

வேலைநிறுத்தம் என்று கதை வந்தாலே எங்கட ஆட்கள் ஒரு வசனத்தைத் தயாராக வைத்திருப்பார்கள். "இப்படிக் கத்திக்கொண்டு திரிஞ்சால் கம்பனிக்காரன் மூடிப்போட்டு பங்களாதேஷுக்குப் போயிடுவான்." டீவி விவாதத்தில் வாற நிபுணரும் இதைத்தான் சொல்கிறார், கடைவாசலில் நிக்கிற அண்ணையும் இதைத்தான் சொல்கிறார். நாங்களும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஆனால் ஃபக்டரி ஒருநாள் போகும் என்பது மெஷினுக்கு முன்னால் இருக்கிறவர்களுக்குத் தெரியாதா? அவர்கள் எதற்காக வேலையை விட்டு வெளியில் வந்தார்கள் என்று பாருங்கோ, விளங்கும்.

2014 ஏப்ரலில் சீனாவின் டொங்குவானில் யூ யுவென் சப்பாத்துத் தொழிற்சாலையில் கிட்டத்தட்ட 40,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். தாய்வான் முதலாளி, நைக்கி, அடிடாஸ் எல்லாவற்றுக்கும் சப்பாத்துச் செய்துகொடுக்கிற கம்பனி. பிரச்சினை சம்பள உயர்வில் தொடங்கவில்லை. தங்கட பெயரில் கம்பனி கட்டவேண்டிய சமூகக் காப்புறுதிப் பணம் வருஷக்கணக்காகக் குறைத்துக் கட்டப்பட்டிருந்தது. வயது போன காலத்துக்கான காசு. தொழிற்சாலைகளோ அதற்கு முன்பே வியட்நாமுக்கும் இந்தோனேசியாவுக்கும் நகரத் தொடங்கிவிட்டன. அவர்கள் ஸ்ட்ரைக் செய்ததால்தான் கம்பனி போனது என்று சொல்ல முடியாது. கம்பனி போய்க்கொண்டிருந்தது, ஆகவே கணக்கை முடிக்கச் சொன்னார்கள்.

அடுத்த வருஷம் வியட்நாம். அதே குழுமத்தின் ஹோசிமின் நகரத் தொழிற்சாலையில் பல்லாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கோபம் அரசாங்கத்தில். வேலையை விட்டவர்கள் தங்கட சமூகக் காப்புறுதிப் பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது, ஓய்வு வயது வரைக்கும் காத்திருக்கவேணும் என்று புதுச்சட்டம் வந்திருந்தது. அரசாங்கம் இறங்கி வந்தது. விரும்பியவர்கள் மொத்தமாக எடுக்கலாம் என்று மாற்றியது.

இந்தக் கதையை எங்கேயோ கேட்டமாதிரி இல்லையா? 2011 மே 30, கட்டுநாயக்க. தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராக வலயத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். பொலிஸ் சுட்டதில் ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி செத்துப்போனார். சட்டமூலம் வாபஸ் வாங்கப்பட்டது.

"ஓய்வூதியம் தாறோம் என்றால் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?" என்று அப்போது படித்தவர்கள் பலர் கேட்டார்கள். வலயத்துப் பிள்ளையின் கணக்கு வேறு. ஐந்தாறு வருஷம் டாகெட்டுக்குத் தைக்கிறது, பிறகு ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப், பணிக்கொடை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போறது. கலியாணம், ஒரு காணித்துண்டு, ஒரு சின்னக் கடை, எல்லாம் அந்தக் காசில்தான். அறுபது வயதில் தாறோம் என்கிற காசை அவள் எப்படி நம்புவாள்? அந்த வயதில் அந்த ஃபக்டரி எந்த நாட்டில் இருக்கும்?

சும்மா கற்பனைப் பயம் இல்லை இது. 2025 மே மாதம் கட்டுநாயக்கவில் நெக்ஸ்ட் தொழிற்சாலை மூடப்பட்டது. வலயம் தொடங்கிய 1978ஆம் ஆண்டில் இருந்து நடந்துவந்தது. 1400க்கும் மேற்பட்டவர்கள் வேலையை இழந்தார்கள். நிர்வாகம் சொன்ன காரணம் வேலைநிறுத்தம் இல்லை, உற்பத்திச் செலவு கூட என்பதுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஃபக்டரி நிற்கும் என்று சொன்னவர்கள் இதற்கு என்ன சொல்லப்போகிறார்கள்?

போறது வெள்ளைக்காரக் கம்பனி மட்டும் என்றும் நினைக்கவேண்டாம். பிராண்டிக்ஸ் ஆந்திராவின் அச்சுதாபுரத்தில் பெரிய ஆடை நகரம் கட்டி வைத்திருக்கிறது. மாஸுக்கு வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் தொழிற்சாலை இருக்கு. இவை எங்கட நாட்டு முதலாளிகள். யுத்தம் முடிந்தபிறகு கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் கார்மென்ட்ஸ் வந்ததையும் இந்த வரிசையில் வைத்துத்தான் நாங்கள் பார்க்கிறோம். தெற்கில் ஆள் கிடைப்பது கஷ்டமான நேரத்தில், வேறு வழியில்லாத பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். "அபிவிருத்தி" என்று நாடா வெட்டினார்கள். வந்ததால் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது, அதை மறுக்கவில்லை. மலிவு என்று வந்தவன் இன்னொரு மலிவைக் கண்டால் போவான், அதையும் சேர்த்துத்தான் சொல்லவேணும்.

அந்தப் பங்களாதேஷ்தான் என்ன சொர்க்கமா? 2023இல் அங்கே ஆடைத் தொழிலாளர்கள் மாதம் 23,000 டாக்கா கேட்டு வீதிக்கு வந்தார்கள். சிலர் உயிரை விட்டார்கள். அரசாங்கம் 8,000இல் இருந்து 12,500க்குத்தான் ஏற்றியது. எங்களுக்குப் பூச்சாண்டி காட்டுகிற நாட்டிலேயே சனம் வயிற்றுக்குப் போதாமல் நிக்குது.

முதலாளி போறதைத் தடுக்க எங்களிடம் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஓடரை எங்கே கொடுப்பது என்று லண்டனிலோ நியூயோர்க்கிலோ இருந்து தீர்மானிக்கிறார்கள். ஆனால் போறவனிடம் கணக்கை வாங்கலாம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் எங்களிடம் இருக்கு. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலைசெய்கிற இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேணும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேணும். நட்டஈடும் உண்டு. முதலீட்டாளர் வரமாட்டார்கள், இதைத் தளர்த்தவேணும் என்று முதலாளிமார் கனகாலமாகக் கேட்டுவருகிறார்கள். தொழிற்சட்டச் சீர்திருத்தம் என்று யாராவது உங்களிடம் வந்து கதைத்தால் முதலில் இந்தச் சட்டத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கோ.

கார்மென்ட்ஸுக்குப் போற அக்கா, தங்கச்சி யாராவது வீட்டில் இருந்தால் இன்னொன்று. ஈ.பி.எஃபுக்கு அவர்களின் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுப்படுகிறது, கம்பனி 12 வீதம் போடவேணும், ஈ.டி.எஃபுக்கு 3 வீதம் தனியாக. சம்பளத் துண்டில் வெட்டியிருக்கு என்பதற்காகக் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று இருந்துவிட வேண்டாம். கணக்குக் கூற்றை எடுத்து, மாதம் மாதமாகப் பாருங்கோ. ஃபக்டரி கேற் திறந்திருக்கும்போதே பாருங்கோ.