மெடிகெயாரும் ஆறு மாதக் கதவும்

அமெரிக்காவில் பிள்ளைகளிடம் குடியேறிய பெற்றோர் எமது குடும்பங்களிலும் இருக்கின்றனர். "வாப்பாவுக்கு மெடிகெயார் கிடைத்துவிட்டது, இனி வைத்தியச் செலவு பற்றிய கவலையில்லை" என்று அங்கிருந்து வரும் செய்தியை நானும் கேட்டிருக்கிறேன். இந்த நிம்மதி பாதிதான் சரி என்பது எனது கருத்து. இலவச அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் பழகிய நாம், அரச காப்புறுதி என்றதும் முழுச் செலவையும் அரசே ஏற்கும் என எண்ணிவிடுகிறோம்.

1965இல் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான மெடிகெயார், பிரதானமாக 65 வயதை அடைந்தோருக்கானது. 'ஏ' பகுதி வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குரியது. வைத்தியர் கட்டணம், பரிசோதனைகள், வெளிநோயாளர் சிகிச்சை என்பன 'பீ' பகுதியில் அடங்கும். 2026இல் 'பீ' பகுதிக்கான வழமையான மாதக் கட்டணம் 202.90 டொலர். அதற்கு மேலாக, வருடத்தின் முதல் 283 டொலர் செலவை நோயாளியே ஏற்க வேண்டும். அதன் பின்னர் அங்கீகரிக்கப்பட்ட செலவில் பொதுவாக 80 வீதத்தை மெடிகெயார் கொடுக்கும். மீதி 20 வீதம் நோயாளியின் தலையில்.

அந்த 20 வீதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. புற்றுநோய்க்கான வெளிநோயாளர் சிகிச்சை 50,000 டொலரானால், ஏறத்தாழ 10,000 டொலர் குடும்பத்தின் பொறுப்பாகிவிடும்.

இந்த இடைவெளியை நிரப்பவே தனியார் கம்பனிகள் 'மெடிகேப்' எனும் துணைக் காப்புறுதியை விற்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் இத்திட்டங்கள் எழுத்துக்களால் அழைக்கப்படுகின்றன. ஒரே எழுத்துக்குரிய திட்டத்தை எந்தக் கம்பனி விற்றாலும் அடிப்படைச் சலுகைகள் ஒன்றே, விலைதான் வேறு. உதாரணமாக 'ஜி' திட்டம், மேற்சொன்ன 283 டொலரை விட்டுவிட்டு அந்த 20 வீதத்தைச் சுமக்கும். ஆனால் வீட்டில் எடுக்கும் மருந்து, பல், மூக்குக்கண்ணாடி, நீண்டகாலப் பராமரிப்பு ஆகியவை இதில் அடங்கா.

நான் வற்புறுத்த விரும்புவது காலத்தைப் பற்றியே. 65 வயதும் நிறைந்து 'பீ' பகுதியும் நடைமுறைக்கு வந்த மாதத்திலிருந்து ஆறு மாதங்களுக்கு, எந்த நோய் இருந்தாலும் கம்பனி மறுக்க முடியாது; நோயைக் காட்டி விலையைக் கூட்டவும் முடியாது. நிரந்தர வதிவிட உரிமையுடன் ஐந்து வருடங்கள் தொடர்ந்து வசித்த பின்னர் மெடிகெயாரில் சேரும் முதியோருக்கு இக்கதவு 65க்குப் பிறகும் திறக்கலாம். ஆனால் மூடிய பின், சில விசேட சந்தர்ப்பங்கள் தவிர, பெரும்பாலான மாநிலங்களில் கம்பனி உடல்நிலையை விசாரித்து மறுத்துவிடலாம். நியூயோர்க் போன்ற சில மாநிலங்களே விதிவிலக்கு. அங்கு வருடம் முழுவதும் வாங்கலாம்.

'மெடிகெயார் அட்வான்டேஜ்' என்ற இன்னொரு வழியும் உண்டு. மேலதிகக் கட்டணம் இல்லாத திட்டங்கள் இதில் பல. வருடச் செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. எனினும் பொதுவாகக் கம்பனியின் பட்டியலிலுள்ள வைத்தியர்களையே நாட வேண்டும். பல சிகிச்சைகளுக்கு முன்அனுமதியும் தேவை. இதை நான் தவறென்று சொல்லவில்லை. ஆரோக்கியமாக இருக்கையில் மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து இதில் சேர்ந்துவிட்டு, நோய் வந்த பின் மெடிகேப்புக்குத் திரும்பலாம் என நம்புவதே ஆபத்து. முதன்முறை சேர்பவருக்குப் பெரும்பாலும் ஒரு வருடத் தவணையே உண்டு.

ஊருக்கு வந்து போகும் பெற்றோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கையில் பெறும் சிகிச்சைக்கு மெடிகெயார் பணம் தராது. 'ஜி', 'என்' போன்ற மெடிகேப் திட்டங்கள் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு, முதல் 250 டொலர் நீங்கலாக 80 வீதம் தரும். ஆனால் பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் ஏற்படும் அவசரத்துக்கு மட்டுமே. ஆயுள் முழுவதற்குமான எல்லை 50,000 டொலர். மூன்று மாதம் தங்குபவரின் மூன்றாவது மாதத்துக்குப் பாதுகாப்பில்லை.

மெடிகேப் கட்டணம் காலப்போக்கில் உயரும். எல்லாக் குடும்பத்துக்கும் அது கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. எனவே பிள்ளைகள் முதல் மாதத்துப் பில்லை மட்டும் பாராமல், பத்து வருடக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவதற்குரிய நேரம் பெற்றோர் சுகமாக இருக்கும் நேரம்தான்.